வெண்ணிழை செய்யும் வேலை: சிப்பிக்காளான் வளர்ப்போருக்கு ஒரு திறந்த மடல்

சிப்பிக்காளான் வளர்க்கும் சகோதரிகளுக்கும் சகோதரர்களுக்கும்,



உடுமலைப்பேட்டை, பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு ஓரத்திலும் வீட்டுக்குப் பின்னாலும் ஓலைக் கொட்டகை போட்டு, வைக்கோலை நறுக்கி ஊறவைத்து வேகவைத்து, படுகைகளை உறி கட்டித் தொங்கவிட்டு, விடியற்காலையில் பறித்ததை வெயில் ஏறுவதற்குள் கடைக்குச் சேர்க்கிறவர்கள் நீங்கள். நான் கல்லூரியில் நுண்ணுயிரியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். ஆய்வகத் தட்டுகளில் இந்தப் பூசணத்தை ஆண்டுக்கணக்காகப் பார்த்திருக்கிறேன். கொட்டகையில் அதை வளர்த்துக் குடும்பம் நடத்தும் கைப்பழக்கம் உங்களுடையது. இரண்டையும் சேர்த்துப் பேச ஒரு காரணம் வந்ததால் எழுதுகிறேன்.

சென்ற தை மாதம் ஒரு வாய்க்கால் கரை வழியாக நடந்துபோனபோது, அறுவடை முடிந்த காளான் படுகைகளை ஒருவர் குவித்துத் தீ வைத்திருந்ததைப் பார்த்தேன். பாலித்தீன் உறையைக்கூடக் கழற்றவில்லை. கரும்புகை எழுந்து தோப்புக்குள் படர்ந்தது. பக்கத்துக் கொட்டகையில் நின்றிருந்த அம்மாவிடம், “ஏம்மா, இதை எரிக்கிறாங்க?” என்று கேட்டேன்.

“ஏனுங்க சார், அதுல இருந்த சத்தெல்லாம் காளான் எடுத்திருச்சுங்களே. இனி வெறும் சக்கைதானுங்க,” என்றார்.

அவர் மேல் குற்றமில்லை. அவர் சென்ற பயிற்சி வகுப்பில் வைக்கோலை எத்தனை மணி நேரம் ஊறவைப்பது, வித்தை எத்தனை அடுக்காகப் போடுவது என்றெல்லாம் சொல்லிக்கொடுத்தவர்கள், அந்தப் பைக்குள் என்ன நடக்கிறது என்று சொல்லவில்லை. மூன்றாம் அறுவடைக்குப் பின் படுகையை ‘அப்புறப்படுத்தவும்’ என்று ஒரு வரியோடு வகுப்பு முடிந்துவிட்டது. அந்த அம்மாவின் ‘சக்கை’ என்ற ஒரு சொல்லுக்கு நான் எழுதும் பதில்தான் இந்த மடல்.

முதலில் ஒரு கணக்கு. நூறு கிலோ காய்ந்த வைக்கோலில் நல்ல கைப்பக்குவத்தோடு வளர்த்தால் எண்பது கிலோ காளான் எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பறித்த காளானில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். அந்த எண்பது கிலோவையும் உலர்த்தி நிறுத்தால் ஏறத்தாழ எட்டு கிலோதான் தேறும். நூறு கிலோ வைக்கோலிலிருந்து காளானாக வெளியே போனது அந்த எட்டு கிலோ. இன்னொரு கணிசமான பகுதி கரியமில வாயுவாகவும் வெப்பமாகவும் காற்றில் போயிருக்கும். மிச்சமெல்லாம் படுகையிலேயே இருக்கிறது. ஆனால் அது பழைய வைக்கோலாக இல்லை. பூசணம் உள்ளே புகுந்து கட்டவிழ்த்துவிட்ட வேறொரு பொருளாக மாறியிருக்கிறது. சந்தையில் விலை பெறுவது காளான் என்பதால் காளானையே விளைச்சலாகப் பார்த்துப் பழகிவிட்டோம். மொட்டு தலைகாட்டுவதற்கு முந்தைய பதினைந்து இருபது நாட்களில், வித்து பரவும் அறையில், மங்கலான வெளிச்சத்தில் நடந்து முடிகிற வேலைதான் இந்த உயிரின் பெரிய வேலை.

அது எத்தகைய வேலை என்பது புரிய, வைக்கோல் என்னவென்று பார்க்க வேண்டும்.

ஒரு நெல் தாள் காற்றிலும் கதிரின் பாரத்திலும் நிமிர்ந்து நிற்கிறது. அதன் சுவர் மண் பூசிய தட்டிச் சுவரைப் போன்றது. மூங்கில் பிளாச்சுகளைப் போல நீள நீளமாக ஓடுவது செல்லுலோஸ். அந்தப் பிளாச்சுகளை வரிந்து கட்டும் கொடியைப் போல இருப்பது ஹெமிசெல்லுலோஸ். இவ்விரண்டும் சர்க்கரைகளால் ஆனவை. இவற்றின் இடைவெளியை நிரப்பி, காய்ந்து இறுகி, தண்ணீரையும் கிருமியையும் உள்ளே விடாமல் நிற்கிற பூச்சுதான் லிக்னின். மரம் என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து 1813-ல் தாவரவியலாளர் டி கண்டோல் வைத்த பெயர் அது. மரத்தில் அதன் பங்கு பொதுவாக ஐந்தில் ஒன்றுக்கு மேல், மூன்றில் ஒன்றுக்குள். நெல் வைக்கோலில் அதைவிடக் குறைவு. தேங்காய் மட்டையின் நார்க்கழிவில் முப்பது சதவீதம் அளவுக்கு இருக்கும். அந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

நம் முன்னோர் செடிகொடிகளைப் பிரித்ததே இந்த உறுதி எங்கே இருக்கிறது என்பதைப் பார்த்துத்தான். தொல்காப்பியத்தின் மரபியல், வெளிப்புறம் காழ் உள்ளவற்றைப் புல் என்றும், உள்ளே காழ் உள்ளவற்றை மரம் என்றும் வகுக்கிறது. அந்தக் கணக்கில் தென்னையும் பனையும் மூங்கிலும் நெல்லைப் போலப் புல்லினம். காழ் முழுவதும் லிக்னின்தான் என்று சொன்னால் மிகையாகிவிடும். வயிரம் பாய்ந்த மரத்தில் பிசினும் எண்ணெயும் துவர்ப்பும் சேர்ந்தே ஊறியிருக்கும். ஆனாலும் இறுகி நிற்கும் அந்தத் தன்மைக்கு லிக்னின் அடிப்படை. லிக்னினுக்கு ஒரு தமிழ்ப் பெயர் வைக்கச் சொன்னால் நான் காழ் என்ற சொல்லின் பக்கத்தில்தான் தேடுவேன்.

மாடு வைக்கோல் தின்கிறதே என்பீர்கள். தின்கிறது. ஆனால் அதன் முதல் வயிற்றில் காற்றில்லை. அங்குள்ள நுண்ணுயிர்கள் எட்டுகிற செல்லுலோஸைப் புளிக்கவைத்து மாட்டுக்குக் கொடுக்கின்றன. லிக்னின் அநேகமாக வந்த வழியே வெளியே போய்விடுகிறது. சாணத்தைக் கரைத்துப் பார்த்தால் மிஞ்சும் நார் அதற்குச் சாட்சி.

சோற்றை மெல்ல மெல்ல இனிக்கிறதல்லவா? எச்சிலில் உள்ள நொதி மாவுச்சத்தை உடைத்துச் சர்க்கரையாக்குவதால் அப்படி. மாவுச்சத்தில் ஒரே வகைக் கண்ணி திரும்பத் திரும்ப வருகிறது. ஒரு கண்ணியை வெட்டத் தெரிந்த நொதி அடுத்ததையும் வெட்டும். புள்ளி வைத்துப் போட்ட கோலத்தைப் போல, ஒரு மூலையைப் பார்த்தாலே முழுவதையும் சொல்லிவிடலாம். லிக்னின் கைதவறிக் கொட்டிய கோலமாவு. மூன்று வகைச் சிறு மூலக்கூறுகள், எது எதோடு எந்தப் பக்கம் ஒட்டுவது என்ற வரிசை இல்லாமல், கண்டபடி பின்னிக்கொண்டு இறுகியவை. ஒரு துணுக்கைப் போல இன்னொரு துணுக்கு இருக்காது. பூட்டுக்கு ஏற்ற சாவி என்று நொதிகளைப் பற்றி வகுப்பில் சொல்வோம். இங்கே பூட்டே ஒன்றுபோல் இல்லை. அதனால்தான் தரையில் வாழும் உயிர்கள் செய்கிற பொருள்களில் செல்லுலோஸுக்கு அடுத்தபடி மிகுதியானதாக இருந்தும், இதை முழுவதுமாக உடைக்கத் தெரிந்த உயிர்கள் மிகச் சில. அந்தச் சிலவற்றில் ஒன்று உங்கள் கொட்டகையில் தொங்குகிறது.

அது எப்படி உடைக்கிறது? இதை எத்தனை முறை கற்பித்தாலும் எனக்கு வியப்பு குறைந்ததில்லை.

பூசண இழை நம்மைப் போல விழுங்கிச் செரிப்பதில்லை. செரிக்கும் நொதிகளை உடம்புக்கு வெளியே சுரந்து, அங்கேயே உடைத்து, கரைந்து வருவதை உறிஞ்சுகிறது. லிக்னினுக்காக அது சுரக்கும் நொதிகள் குறிப்பிட்ட கண்ணியைத் தேடி வெட்டுவதில்லை. லிக்னினிடமிருந்து எலக்ட்ரானைப் பறிக்கின்றன. எலக்ட்ரானை இழந்த மூலக்கூறு நிலைகொள்ளாமல் தானாகவே தளர்ந்து உடைகிறது. சுவரில் எந்தக் கல் எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டியதில்லை. ஒழுங்கில்லாத பொருளை உடைப்பதற்கு இதைவிடப் பொருத்தமான வழி இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

உங்கள் சிப்பிக்காளான் அதிகமாகச் சுரப்பது லாக்கேஸ். இது செம்பு நொதி. ஒவ்வொன்றிலும் நான்கு செம்பு அணுக்கள். லிக்னினிலிருந்து ஒன்றொன்றாக நான்கு எலக்ட்ரான்களை வாங்கி, காற்றிலுள்ள ஆக்சிஜனிடம் கொடுத்து அதைத் தண்ணீராக்கிவிடும். நறுக்கிய கத்தரிக்காய் சற்று நேரத்தில் கறுக்கிறதே, அதற்குக் காரணமும் லாக்கேஸின் உறவான ஒரு செம்பு நொதிதான். லாக்கேஸை முதலில் கண்டது பூசணத்தில் இல்லை. ஜப்பானில் மரப்பாத்திரங்களுக்குப் பூசும் அரக்கு மரப்பால் ஈரக்காற்றில் ஏன் கெட்டியாகிறது என்று ஆராய்ந்த யோஷிதா 1883-ல் அதற்கு ஒரு நொதி காரணம் என்று கண்டார். அடுத்த பத்தாண்டில் பிரான்சில் பெர்ட்ராண்ட் அதற்கு லாக்கேஸ் என்று பெயரிட்டார். காளான்களிலும் அது இருப்பது பின்னர் தெரிந்தது. செடிகள் தங்கள் உடம்புக்குள் லிக்னினைப் பின்னுவதற்குப் பயன்படுத்துவதும் இதே குடும்பத்து நொதிகளைத்தான். நெல் எந்தக் கருவியால் காழ் கட்டியதோ, ஏறத்தாழ அதே கருவியால் காளான் அதைப் பிரிக்கிறது.

லாக்கேஸ் மட்டும் போதாது. லிக்னினின் கடினமான பகுதிகளிலிருந்து எலக்ட்ரானைப் பறிக்கும் வலிமை அதற்கில்லை. அங்கே பெராக்சிடேஸ்கள் வருகின்றன. நம் ரத்தத்துக்குச் சிவப்பு தரும் ஹீம் என்ற இரும்புக் கூறுதான் இவற்றின் நடுவிலும் இருக்கிறது. இவற்றுக்குத் தீனி ஹைட்ரஜன் பெராக்சைடு, புண் கழுவவும் முடியை வெளுக்கவும் கடையில் வாங்குகிறோமே, அதே பொருள். அதையும் பூசணமே இன்னொரு நொதியைக் கொண்டு தயாரித்துக்கொள்கிறது. படுகை நாளாக ஆக வெளுத்துக்கொண்டே வருவதைப் பார்க்கிறீர்கள். இழையின் வெண்மையோடு, லிக்னின் குறைந்த வைக்கோலின் வெளிறலும் அதில் சேர்ந்திருக்கிறது. மரத்தில் இவ்வகைச் சிதைவை வெண் அழுகல் என்கிறோம். லிக்னினை ஓரளவு மாற்றிவிட்டுச் செல்லுலோஸை மட்டும் தின்னும் பூசணங்களும் உண்டு. அவை தின்ற மரம் பழுப்பாகி, கட்டம் கட்டமாக வெடித்து, விரலால் நசுக்கினால் தூளாகும். அது பழுப்பு அழுகல். சிப்பிக்காளான் முதல் வகை.

ஒரு சிக்கல் பாக்கி. இந்த நொதிகள் உருவத்தில் பெரியவை. கெடாத தாவரச் சுவரின் நுண்துளைகளுக்குள் அவை நுழைய முடியாது. வாசல் குறுகிய வீட்டுக்குள் பெரியவர் போக முடியாவிட்டால் சின்னப் பையனை அனுப்புவோமே, அப்படித்தான் பூசணமும் செய்கிறது. வைக்கோலில் இயல்பாக இருக்கும் மாங்கனீஸ் அயனியிலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பறித்து, ஆக்சாலிக் அமிலத்தோடு சேர்த்து உள்ளே அனுப்புகிறது. அந்தச் சிறு அயனி துளைக்குள் ஊடுருவி, லிக்னினிடமிருந்து எலக்ட்ரானைப் பிடுங்குகிறது. இதைச் செய்விக்கும் நொதி மாங்கனீஸ் பெராக்சிடேஸ். இந்த வேலையையும் செய்து, லிக்னினை நேரடியாகவும் தாக்கத் தெரிந்த பன்முகப் பெராக்சிடேஸும் சிப்பிக்காளான் இனத்திடம் உண்டு.

இத்தனை பாடுபட்டு உடைத்த லிக்னினால் பூசணத்துக்குப் பெரிதாக உணவு கிடைப்பதில்லை. லிக்னினை மட்டும் கொடுத்து இதை வளர்க்க முடியாது. பின்னால் மறைந்திருக்கும் செல்லுலோஸை எட்டுவதற்காகவே முன்னால் நிற்கும் சுவரை இடிக்கிறது. இழை பரவும் நாட்களில் லாக்கேஸ் மிகுந்திருக்கும். மொட்டு வரும் சமயம் பொதுவாக அது குறைந்து, செல்லுலோஸை உடைக்கும் நொதிகள் ஏறும். வழி திறந்தபின் சாப்பாடு, சாப்பிட்டபின் காளான்.

இப்போது உங்கள் கொட்டகைக்கு வருகிறேன். மேலே சொன்னதில் ஆக்சிஜன் எத்தனை முறை வந்தது என்று பாருங்கள். லாக்கேஸுக்கு ஆக்சிஜன் வேண்டும். பெராக்சைடு தயாரிக்கவும் ஆக்சிஜன் வேண்டும். காற்றில்லாமல் இந்தப் பூசணத்தால் லிக்னினைத் தொட முடியாது. பையில் துளை போடச் சொல்வது இதற்காக. வைக்கோலைப் பிழிந்தால் கை ஈரமாக வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது என்று சொல்வதும் இதற்காக. தண்ணீர் தேங்கினால் காற்று போகாது. காற்று போகாத மூலையில் வேறு நுண்ணுயிர்கள் புளிக்கத் தொடங்கும். பையைத் திறந்ததும் புளித்த நாற்றம் அடித்தால் உள்ளே நம் காளான் மூச்சுத்திணறிப் போயிற்று என்று அர்த்தம்.

காற்றில்லாத இடத்தில் லிக்னின் எவ்வளவு காலம் நிற்கும் என்பதற்கு நம் பக்கத்திலேயே சான்று இருக்கிறது. பழைய முசிறி என்று பலர் கருதும், கேரளத்தின் பட்டணம் என்ற ஊரில் 2007-ல் அகழாய்வு செய்தபோது, நீர் ஊறிய சேற்றுக்குள் ஆஞ்சிலி மரத்தில் குடைந்த ஒரு தோணி கிடைத்தது. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டு. அதே தோணியை மேட்டில், மழையும் காற்றும் படும் இடத்தில் போட்டிருந்தால் நமக்குக் காண ஒன்றும் மிஞ்சியிருக்காது.

படுகையின் நடுவே கைவைத்தால் அறையைவிடச் சூடாக இருப்பதையும் கவனித்திருப்பீர்கள். லிக்னின் சிதைவை ஆராய்ந்த கென்ட் கிர்க், ராபர்ட்டா ஃபாரெல் இருவரும் 1987-ல் எழுதிய கட்டுரைக்கு ‘நொதிவழி எரிதல்’ என்று பெயர் வைத்தார்கள். பொருத்தமான பெயர். வாய்க்கால் கரையில் எரிந்த குவியலும், கொட்டகையில் தொங்கும் படுகையும் ஆக்சிஜனைக் கொண்டு ஒரே பொருளைத்தான் எரிக்கின்றன. ஒன்று ஒரு மணி நேரத்தில் சாம்பலாக்குகிறது. மற்றது இருபது நாளில், தழைச்சத்தையும் ஈரத்தையும் உயிரையும் விட்டுவைத்து, மண்ணுக்கு ஏற்றதாக்கித் தருகிறது.

கிர்க்கின் பெயர் வந்ததால் இந்த நொதிகள் பிடிபட்ட கதையையும் சொல்லிவிடுகிறேன். மரத்தை வெளுக்கும் பூசணங்களைப் பற்றி ஐரோப்பியர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே எழுதிவந்தார்கள். ஆனால் லிக்னினின் கடினப் பகுதிகளை எந்த நொதி உடைக்கிறது என்பது நூறு ஆண்டுகளாகப் பிடிபடவில்லை. அமெரிக்காவில் மேடிசன் நகரிலுள்ள வனப்பொருள் ஆய்வகத்தில் கிர்க், ஃபனரோகீட் கிரைசோஸ்போரியம் என்ற பூசணத்தை வைத்து ஆண்டுக்கணக்கில் முயன்றார். நன்றாக உணவு கொடுத்து வளர்த்தபோது அந்தப் பூசணம் லிக்னினைத் தொடவில்லை. தழைச்சத்துக்குப் பட்டினி போட்டபோதுதான் அந்த நொதியைச் சுரந்தது. 1983-ல் மிங் டியெனும் கிர்க்கும் லிக்னின் பெராக்சிடேஸை அறிவித்தார்கள். ஓரிகனில் மைக்கேல் கோல்டு குழுவினர் அதே ஆண்டில் அதே நொதியை எட்டினார்கள், அடுத்த ஆண்டு மாங்கனீஸ் பெராக்சிடேஸையும் கண்டார்கள். உங்கள் சிப்பிக்காளானிடம் அந்த லிக்னின் பெராக்சிடேஸ் கிடையாது, அதன் இடத்தைப் பன்முகப் பெராக்சிடேஸ் நிரப்புகிறது. தழைச்சத்துப் பட்டினியும் சிப்பிக்காளானுக்குப் பொருந்தாது. ஒரு பூசணத்தில் கண்டதை இன்னொன்றுக்கு அப்படியே சொல்லக் கூடாது. இதை வலியுறுத்துவதற்குக் காரணம், எங்கோ படித்துவிட்டு உங்களிடம் வந்து, தழைச்சத்து கூடிவிடும், படுகையில் தவிடு போடாதீர்கள் என்று யோசனை சொல்பவர்கள் இருக்கிறார்கள்.

இந்த நொதிகள் எவ்வளவு பழையவை? 2012-ல் முப்பத்தொரு பூசணங்களின் மரபணுத் தொகுதிகளை ஒப்பிட்ட ஆய்வு, லிக்னினைத் தாக்கும் பெராக்சிடேஸ்கள் ஏறத்தாழ 29 கோடி ஆண்டுகளுக்கு முன் தோன்றின என்று கணித்தது. நிலக்கரி பெருமளவில் படிந்த காலம் முடிவை நெருங்கியதும் அப்போதுதான். பூசணம் மரத்தைத் தின்னக் கற்றதால் நிலக்கரி படிவது நின்றது என்று பலர் எழுதினார்கள். 2016-ல் வெளிவந்த ஆய்வு அதை மறுத்தது. சதுப்பு நிலங்கள் உருவாகவும் தாழவும் ஏதுவாக இருந்த புவியமைப்பும் ஈரமான காலநிலையுமே காரணம் என்றது. எனக்கு இரண்டாவதே நியாயமாகப் படுகிறது. முசிறிச் சேற்றுத் தோணி சொல்வதும் அதுதானே: பூசணம் இருந்தாலும் காற்றில்லாத இடத்தில் மரம் மக்காது.

உங்கள் தொழிலுக்கு அவ்வளவு நீண்ட வரலாறு இல்லை. ஜெர்மனியில் ஃபால்க் என்பவர் முதல் உலகப்போரின் பஞ்ச காலத்தில், 1917-ல், மரக்கட்டைகளில் சிப்பிக்காளான் வளர்க்கும் முறையை எழுதினார். இந்தியாவில் மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனத்தில் பானோ, ஸ்ரீவஸ்தவா இருவரும் 1962-ல் நெல் வைக்கோலில் வளர்த்துக் காட்டினார்கள். அங்கிருந்து இங்கே வந்து சேர்ந்ததுதான் உங்கள் கொட்டகை.

குறிப்பிட்ட கண்ணியைத் தேடாமல் எலக்ட்ரானைப் பறிக்கும் நொதிகள் என்றேன். அதனால் லிக்னினைப் போன்ற வளைய அமைப்புள்ள வேறு பல பொருள்களையும் இவை தாக்குகின்றன. 1985-ல் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தினர் கிர்க்கின் அதே பூசணம் டிடிடி, லிண்டேன் போன்ற பூச்சிமருந்துகளைச் சிதைப்பதைக் காட்டினார்கள். நீலச் சாயம் கலந்த தட்டில் சிப்பிக்காளான் இழையை வைத்தால், அது பரவப் பரவ நீலம் வெளிறிப்போகும். என் மாணவர்கள் முதன்முறை அதைப் பார்த்தபோது தட்டை வெளிச்சத்தில் தூக்கிப்பிடித்துக்கொண்டு நின்றது நினைவிருக்கிறது. டென்மார்க்கின் நோவோ நிறுவனம் 1996-லேயே ஜீன்ஸ் துணியை வெளுக்க லாக்கேஸை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இதைக் கேட்டு, திருப்பூர்ச் சாயக்கழிவுக்குக் காளான் படுகைதான் மருந்து என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். ஆய்வகத் தட்டில் ஒரு சாயம் வெளிறுவது வேறு. உப்பும் காரமும் பத்து வகைச் சாயமும் கலந்து நாள்தோறும் வரும் கழிவுநீர் வேறு. நிறம் போனால் நஞ்சும் போயிற்று என்று ஆகாது.

நம்பிச் செய்யக்கூடியது ஒன்று உங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. நார்மில்களைச் சுற்றி மலைமலையாகக் கிடக்கிறதே தென்னை நார்க்கழிவு, அதைச் சொல்கிறேன். மழைக்காலத்தில் அதிலிருந்து பழுப்புத் தண்ணீர் வடிந்து கிணற்றுப் பக்கம் போகும். கோடையில் எங்காவது நெருப்புப் பிடித்தால் நாள்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். அப்படியே வயலில் போட்டால் பயிர் மஞ்சளிக்கும், ஏனென்றால் அதில் கரிச்சத்து 112 பங்குக்குத் தழைச்சத்து ஒரு பங்குதான். அதைச் சிதைக்க வரும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும். முன்பு மனதில் வைக்கச் சொன்ன முப்பது சதவீத லிக்னின் இங்கேதான் குறுக்கே நிற்கிறது.

கோவை வேளாண் பல்கலைக்கழகத்தார் இதற்கு எடுத்த ஆயுதம் சிப்பிக்காளான். ஒரு டன் நார்க்கழிவுக்கு ஐந்து புட்டி சிப்பிக்காளான் வித்து, ஐந்து கிலோ யூரியா. மரநிழலில் நூறு கிலோ நார்க்கழிவைப் பரப்பி, அதன்மேல் ஒரு புட்டி வித்து. அடுத்த நூறு கிலோ அடுக்கின்மேல் ஒரு கிலோ யூரியா. இப்படி மாற்றி மாற்றி ஒரு மீட்டர் உயரம்வரை அடுக்கி, ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் அறுபது நாளில் கழிவு கறுத்து, பஞ்சுபோல் மக்கிவிடும். அவர்கள் வெளியிட்ட அளவின்படி லிக்னின் 30 சதவீதத்திலிருந்து 4.8 சதவீதத்துக்கு இறங்குகிறது. 112-க்கு ஒன்று என்றிருந்த விகிதம் 24-க்கு ஒன்று ஆகிறது. நான் மேலே விவரித்த எலக்ட்ரான் பறிப்பு முழுவதும் இந்த இரண்டு எண்களுக்குள் இருக்கிறது.

அந்த அம்மா சக்கை என்று சொன்ன படுகையில் இதே பூசணத்தின் இழை உயிரோடு இருக்கிறது. லாக்கேஸும் மிஞ்சியிருக்கிறது. அறுவடை முடிந்த படுகைகளை ஊறவைத்துப் பிழிந்து லாக்கேஸ் எடுக்கும் ஆய்வுகளே பல நாடுகளில் நடந்திருக்கின்றன. புது வித்துக்கு அது முழு மாற்று என்று நான் சொல்லவில்லை. இழை களைத்திருக்கும், வீரியம் குறைந்திருக்கும். ஆகவே வித்துப் புட்டிகளைக் குறைக்காமல், கூடுதலாகப் பழைய படுகையை உதிர்த்து அடுக்குகளுக்கு இடையே போடுங்கள் என்கிறேன். நார்க்கழிவு நெருக்கமாகப் படிந்து காற்றை அடைக்கும் குணமுடையது. நறுக்கிய வைக்கோல் இடையில் இருந்தால் காற்று நுழைய வழியும் கிடைக்கும். தோப்பு இல்லாதவர்கள் சாணத்தோடு கலந்து மக்கவைத்தாலும், மண்புழுத் தொட்டியில் போட்டாலும் பலன் உண்டு.

சில எச்சரிக்கைகள். பாலித்தீன் உறையை முழுவதுமாகக் கழற்றுங்கள். ஒரு துண்டு போனாலும் அது மண்ணிலேயே கிடக்கும், இந்த நொதிகள் அதைத் தின்று தீர்க்கும் என்று நினைத்துவிடாதீர்கள். பச்சைப் பூசணம் படர்ந்த படுகைகளைக் கொட்டகைக்கு வெகுதூரத்தில் தனியாக மக்கவிடுங்கள். அது லிக்னினை உடைக்காது, எளிதில் கிடைக்கும் சத்தைத் தின்று, நம் காளானின் இழையையே தாக்கும். லிக்னின் குறைந்த வைக்கோலை மாடு நன்றாகச் செரிக்குமே என்று சிலர் பழைய படுகையை மாட்டுக்குப் போடுகிறார்கள். வைக்கோலைக் கார்பன்டசிமும் ஃபார்மலினும் கலந்த தண்ணீரில் ஊறவைத்துச் சுத்தப்படுத்துகிறவர்கள் அதைச் செய்யவே கூடாது. வேகவைத்த வைக்கோலாக இருந்தாலும், வேறு பூசணம் ஏறியிருந்தால் மாட்டின் முன் வைக்காதீர்கள்.

பயிற்சி நடத்துகிறவர்களும் இந்த மடலைப் படிப்பார்கள் என்று நம்புகிறேன். உங்களிடம் ஒன்று கேட்கிறேன். எத்தனை மணி நேரம், எத்தனை கிராம் என்பதோடு, ஏன் என்பதையும் அரை மணி நேரம் சொல்லுங்கள். எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் மூன்றாம் வகுப்புப் படித்தவர்களாக இருக்கலாம். ஆனால் ஈரத்தைக் கைப்பிடியிலும், கேட்டை மூக்கிலும் அறிகிறவர்கள். காற்றுக்கும் படுகைக்கும் உள்ள உறவைச் சொன்னால் உங்களைவிட வேகமாகப் புரிந்துகொள்வார்கள். ‘அப்புறப்படுத்தவும்’ என்ற அந்தக் கடைசி வரியை எடுத்துவிட்டு, எங்கே கொண்டுபோய் என்ன செய்வது என்று எழுதுங்கள்.

சகோதரிகளே, சகோதரர்களே, மூன்றாம் அறுவடை முடிந்து படுகையை இறக்கும் அன்று அதைப் பிரித்து ஒரு பிடி கையில் எடுத்துப் பாருங்கள். போட்டபோது விறைப்பாக இருந்த வைக்கோல், இழுத்தால் நூலாகப் பிரிந்து வரும். பிறகு தீப்பெட்டியைத் தேடாமல், பக்கத்துத் தோப்புக்காரரிடமோ நார்மில்காரரிடமோ போய், “எங்கிட்ட பத்து மூட்டை பழைய படுகை இருக்குதுங்க, உங்க நார்க்கழிவுல கலந்து பார்க்கலாமா?” என்று கேளுங்கள்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியர்